ஐஸ்கஸி டிஸ்க் மந்தமாக ஓடுகிறதா? கேபிளிலிருந்து பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. எடிட்டிங் செய்வது லினக்ஸ் கம்ப்யூட்டரில், வீடியோக்கள் இருப்பது பக்கத்து அறை ஸ்டோரேஜ் பெட்டியில். ஐப்பசி மழை விட்ட வாரம் போன் வந்தது. "அண்ணே, போன வாரம் வரைக்கும் நல்லா ஓடிச்சு. இப்ப ஒரு கிளிப் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்றார் எடிட்டர் தம்பி. டிஸ்க் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடலாம் என்று முதலாளி முடிவே செய்திருந்தார். கடைசியில் ஆன செலவு ஒரு பேட்ச் கேபிள் (இரு முனையிலும் கனெக்டர் உள்ள சிறு நெட்வொர்க் கேபிள்). அன்று பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன், புதிதாகக் கற்பவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம்.

ஒரு விஷயம் முதலில் தெளிவாக வேண்டும். அந்தப் பெட்டி கம்ப்யூட்டரோடு பேசுவது ஐஸ்கஸி (iSCSI) முறையில்; இது ஃபைல் ஷேர் இல்லை, பிளாக் ஸ்டோரேஜ். பெட்டி தன் இடத்தில் ஒரு பகுதியை நெட்வொர்க் வழியே கொடுக்கும். உங்கள் கம்ப்யூட்டர் அதைத் தன் சொந்த டிஸ்க்காகவே எடுத்துக்கொண்டு தானே ஃபார்மேட்டும் செய்யும். ஆனால் ஒவ்வொரு வாசிப்பும் எழுத்தும் டிசிபி 3260-ஆம் போர்ட் வழியாகக் கேபிளில் போய்த்தான் திரும்ப வேண்டும். ஆகவே கோளாறு கம்ப்யூட்டரில் இருக்கலாம், வழியில் இருக்கலாம், பெட்டியிலும் இருக்கலாம்.

படி 1: எண்ணை எடுங்கள்

'ஸ்லோ' என்ற சொல்லை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஐஓஸ்டாட் கட்டளையை எக்ஸ், எம் ஆப்ஷன்களோடு 2 விநாடிக்கு ஒருமுறை ஓட விடுங்கள். முதலில் வரும் அறிக்கை கம்ப்யூட்டர் ஆன் ஆனதிலிருந்து உள்ள சராசரி, அதை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: விநாடிக்கு எத்தனை எம்பி வருகிறது, 'அவெயிட்' (ஒரு வாசிப்போ எழுத்தோ முடிய ஆகும் நேரம்) எத்தனை மில்லி விநாடி. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறலாம் என்பது ஒரு கணக்கு, போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. இங்கேயும் அப்படித்தான். பெரிய வீடியோவுக்கு முதல் எண் முக்கியம், டேட்டாபேஸுக்கு இரண்டாவது.

1 ஜிகாபிட் லைனில் விநாடிக்கு 110 எம்பி வரை எதிர்பார்க்கலாம். 100 மெகாபிட் லைனில் 11, 12 எம்பிதான். ஸ்டுடியோவில் எத்தனை பெரிய ஃபைலை இழுத்தாலும் எண் 11-லேயே நின்றது. பழுதான டிஸ்க் இப்படி ஒரே எண்ணில் நிற்காது, ஏறி இறங்கும். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

படி 2: கேபிள்

ஈத்டூல் கட்டளையோடு நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்து 'ஸ்பீட்' என்ற வரியைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு 100 இருந்தது. ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு 2 ஜோடி போதும். ஒரு ஜோடி கெட்டால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஸ்விட்ச்சில் விளக்கு எரியும், பிங் போகும், யாருக்கும் சந்தேகம் வராது.

கனெக்டரைக் கழற்றி போன் டார்ச்சில் பார்த்தேன். எட்டுப் பின்களில் இரண்டின் மேல் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஜன்னல் கடல் பக்கம், பெட்டி ஜன்னல் ஓரம். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் உப்புக்காற்றும் மழை ஈரமும் சேர்ந்த வேலை அது. பெட்டி பக்கத்து போர்ட்டைச் சுத்தம் செய்து புது கேபிள் மாட்டியதும் ஸ்பீட் 1000 ஆனது, வாசிப்பு 110-ஐத் தொட்டது.

ஸ்பீட் சரியாகவே இருந்தால்? ஈத்டூலிலேயே பெரிய எஸ் ஆப்ஷன் போட்டு சிஆர்சி எர்ரர் (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய எண் அப்படியே நின்றால் கவலை இல்லை, ஏறிக்கொண்டே போனால் கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள். அப்புறம் ஐபெர்ஃப்3. டிஸ்க்கைத் தொடாமல் வழியை மட்டும் அளக்கும். நல்ல ஜிகாபிட் லைன் 940 மெகாபிட் அளவுக்குக் காட்டும்.

படி 3: எம்டியு

எம்டியு என்பது ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு, வழக்கமாக 1500 பைட். யாராவது 'ஜம்போ ஃபிரேம்' போட்டு அதை 9000 ஆக்கியிருந்தால் கம்ப்யூட்டர், ஸ்விட்ச், பெட்டி மூன்றும் அதை ஏற்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் லாகின் ஆகும், சின்ன பிங் போகும், பெரிய வாசிப்பு மட்டும் திணறும். பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள் (மீதி 28 பைட் தலைப்புகளுக்கு). போகவில்லை என்றால் கோளாறு இங்கேதான். 1 ஜிகாபிட் லைனில் இதனால் வரும் லாபம் குறைவு. புதியவர்கள் 1500-லேயே விட்டுவிடுங்கள் என்பேன்.

படி 4: பெட்டி

வழி சுத்தம், ஆனால் அவெயிட் பத்துக் கணக்கிலிருந்து நூற்றுக் கணக்குக்கு ஏறுகிறதா? இப்போது டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். நிமிடத்துக்கு 7200 சுழற்சி டிஸ்க் ஒன்று, சிதறிக் கிடக்கும் சின்ன வேலைகளை விநாடிக்குச் சுமார் 75 முதல் 100 வரைதான் முடிக்கும். ரெய்டு 5-இல் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தரவைக் காக்கும் முறை) ஒரு சின்ன எழுத்துக்கு உள்ளே நான்கு வேலைகள் நடக்கும்: பழைய தரவையும் பாரிட்டியையும் (கெட்ட டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கணக்கு) படிக்க வேண்டும், புதியவை இரண்டையும் எழுத வேண்டும். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ரெய்டு ரீபில்ட் (மாற்றிய டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்பும் வேலை) ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் முடியும் வரை பொறுங்கள்.

எழுத்து மட்டும் திடீரென்று மந்தமானால் கேஷ் பேட்டரியைப் பாருங்கள் (கேஷ் என்பது டிஸ்க்குக்குப் போகும் முன் தரவு தற்காலிகமாக நிற்கும் நினைவகம்; மின்சாரம் போனால் அதைக் காப்பது இந்த பேட்டரி). அது செத்தால் பல கன்ட்ரோலர்கள் ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் வந்ததுமே 'எழுதியாயிற்று' என்பது) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே அப்படிச் சொல்வது) தானாக மாறிக்கொள்ளும். வேகத்துக்காக ரைட்-பேக்கை வலுக்கட்டாயமாக ஆன் செய்யாதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான், மின்சாரம் போனால் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். கேஷில் இருக்கும் தரவு அத்தோடு போய்விடும்.

எஃப்ஐஓ (டிஸ்க் வேகத்தை அளக்கும் கருவி) வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எழுத்துச் சோதனையை நேரடியாக டிஸ்க் பெயரில் ஓட்டினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். மவுன்ட் செய்த இடத்தில் ஒரு சோதனை ஃபைல் வைத்து ஓட்டுங்கள். 'டைரக்ட்' ஆப்ஷனை 1 ஆக வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ரேமைத்தான்.

எந்தப் படியிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி அளந்துவிடுங்கள். எடிட்டர் தம்பி பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: தேதி, ஸ்பீட் 1000, வாசிப்பு 110, அவெயிட் 6. உங்கள் பெட்டி நன்றாக ஓடும்போதே இந்த நான்கையும் எழுதி வையுங்கள். கடலோர ஊர் என்றால் ஒவ்வொரு புரட்டாசியிலும் கனெக்டர்களைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.