மீன் தீவனம் செரிக்குமா? பீக்கரிலேயே பார்க்கும் முறை

எந்த மீனுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரோகு, கட்லாவுக்கு இரைப்பையே கிடையாது. அதனால் இரைப்பையைப் போலச் செய்யும் அமிலக் கட்டம் தேவையில்லை. இரைப்பை உள்ள கொடுவாவுக்குப் பெப்சின் (இரைப்பையில் புரதத்தை உடைக்கும் நொதி) கட்டமும் வேண்டும்.

ரோகு தீவனத்தை மாவாக அரைத்துச் சலியுங்கள். 80 மி.கி. புரதம் அடங்கிய மாவை (30% தீவனத்தில் சுமார் 267 மி.கி.) 10 மி.லி. காய்ச்சி வடித்த நீரில், 28 டிகிரியில் கலக்கிக்கொண்டே பிஎச் (அமில-கார அளவு) 8-க்குக் கொண்டுவாருங்கள். 37 டிகிரி நம் வயிற்றுக்குத்தான். பிஎச் அசையாமல் நின்றபின் டிரிப்சின் (குடலில் புரதத்தை உடைக்கும் நொதி) சேருங்கள். அதன் கரைசலும் பிஎச் 8-இல் இருக்கட்டும். புரதம் உடைய உடைய பிஎச் இறங்கும். அதை 8-இலேயே நிறுத்தச் செலவாகும் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடின் (காரம்) அளவைக் குறியுங்கள். அது கூடினால் செரித்ததும் கூடுதல்.

பஃபர் (பிஎச்சை மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) ஊற்றினால் இறக்கமே தெரியாது. டிரிப்சின் சேர்க்காத பீக்கர் ஒன்றும் ஓடட்டும். காற்றின் கார்பன் டை ஆக்சைடும் காரத்தைத் தின்னும், அதைக் கழிக்க வேண்டும்.