யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கடைக்கு ஓர் ஓடர் தளம்: ஃபிரேம்வேர்க் தெரிவது எப்படி

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் விற்கிற கடைக்கு ஓடர் எடுக்கும் தளம் வேண்டுமென்றால், முதலில் ஃபிரேம்வேர்க், அதாவது தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு, ரியாக்டா வியூவா என்று சண்டை பிடிக்காதீர்கள். விலையை மாற்றப்போவது யார்? கடைக்கார அண்ணை. அப்படியென்றால் விலையை மாற்றுகிற அட்மின் பக்கம் கூடவே வருகிற, பைதான் மொழியில் எழுதிய ஜாங்கோ போதும், 2005 இல் வந்த பழசுதான், ஆனால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 2013 இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் திரையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை நீங்கள்தான் பொருத்த வேண்டும்.

தேடல் பெட்டியில்தான் உண்மையான தலையிடி. ‘கொ’ என்பதில் கொம்பும் காலும், எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம்; கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு, அதனால் ‘கொழும்பான்’ என்று தேடினால் பழம் இருந்தும் ஒன்றும் வராமல் போகலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஒரு வரி வேலை.

சரி, பிறகு குரோம் உலாவியில் தளத்தைச் சோதிக்க உதவும் டெவ்டூல்ஸில் இணைய வேகத்தைக் குறைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்ப ஆர்வலர் அமைப்பான யாழ் ஐடி ஹப் பக்கம் பழகும் ஆட்களிடம் கேட்கலாம். வெறுமனே “வேலை செய்யுதில்லை” என்று சொல்லாமல், பிழைச் செய்தியையும் அதைத் தருகிற சின்ன நிரல் (code) துண்டையும் கொண்டுபோங்கள்.