தை மாதத்தில் எந்த விதையைப் போடுவது? ரொறன்ரோவில் புதிதாகத் தோட்டம் செய்பவர்களுக்கு

தைப்பொங்கல் முடிந்த கையோடு ரொறன்ரோவில் பலருக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்துவிடும். வெளியே பனி குவிந்து கிடக்கும், உள்ளே மேசை முழுக்க விதைப் பைக்கற்றுகள். எல்லாவற்றையும் இப்போதே போட்டுவிட்டால் என்ன என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். இந்தக் குளிரில் தொடங்க வேண்டியவை நான்கைந்துதான்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

இங்கே கன்றுகளை வெளியே நட எல்லோரும் பார்த்திருப்பது விக்டோரியா டே விடுமுறையை. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது. அதற்குள் உறைபனி பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆனாலும் மிளகாயும் கத்தரியும் குளிர் ஆகாத பயிர்கள், இரவில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அப்படியே வளராமல் நின்றுவிடும். அவற்றுக்கு மே கடைசி வாரம் என்று எழுதுங்கள். வெங்காயமும் லீக்ஸும் லேசான உறைபனியைத் தாங்கும், ஏப்ரல் கடைசியிலேயே மண்ணுக்குப் போகலாம்.

இனி, பைக்கற்றின் பின்புறத்தில் எத்தனை வாரம் முன்பு வீட்டுக்குள் விதைக்க வேண்டும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, குறித்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ‘65 நாளில் காய்க்கும்’ என்றிருந்தால், தக்காளி, மிளகாய் போன்றவற்றில் அது பொதுவாகக் கன்றை வெளியே நட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கு. விதை போட்ட நாளிலிருந்து அல்ல.

2. பைக்கற்றுகளைப் பிரியுங்கள்

இப்போது போட வேண்டியவை: வெங்காயம், லீக்ஸ், செலரி. மூன்றுக்கும் 10 முதல் 12 வாரம் வேண்டும். வெங்காயத்தையும் லீக்ஸையும் ஜனவரிக் கடைசியில் தொடங்கினால் சரியாக வரும். செலரி குளிர் தாங்காது, மே கடைசியில்தான் வெளியே போகும், அதைப் பெப்ரவரிக் கடைசியில் போட்டால் போதும். ஹபனேரோ போன்ற கடும் உறைப்பு மிளகாய்கள் முளைக்கவே மூன்று வாரம் எடுக்கும், வளர்த்தியும் மெதுவு. அவற்றைப் பெப்ரவரியில் போடுங்கள். சாதாரண மிளகாயும் கறிமிளகாயும் பெப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முற்பாதி வரை. கத்தரிக்கு மார்ச் நடுப்பகுதி போதும்.

காத்திருக்க வேண்டியவை: தக்காளி. ஆறு முதல் எட்டு வாரம்தான் அதற்குத் தேவை, மார்ச் கடைசிக்கு முன் தொடவே வேண்டாம். ஜனவரியில் போட்ட தக்காளி மே வருமுன் நெடுநெடுவென்று வளர்ந்து சட்டிக்குள்ளேயே பூத்துவிடும். பாகல், புடலை, வெண்டி மூன்றுக்கும் வேரைக் கிளறினால் பிடிக்காது. ஏப்ரல் கடைசியில் தனித்தனிக் கோப்பையில் போட்டு, வேர் அசையாமல் மண்ணோடு இறக்கிவிடுங்கள்.

வீட்டுக்குள் போடவே தேவையில்லாதவை: முள்ளங்கி, பட்டாணி, கொத்தமல்லி, பயற்றை, தண்டுக்கீரை. நேரே நிலத்தில் தூவ வேண்டியவை இவை. முள்ளங்கியும் பட்டாணியும் ஏப்ரலில் போகலாம், கீரை ஜூன் வரை பொறுக்கட்டும்.

ஊரிலிருந்து வந்த விதை என்றால் ஒரு தனிக் கவனம் வேண்டும். சிறகவரையும் பழைய அவரை வகைகளில் பலவும் பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே ஜூன், ஜூலையில் பகல் 15 மணி நேரம். கொடி காடாகப் படரும், பூ செப்டம்பரில்தான் தலைகாட்டும், காய் முற்றுமுன் உறைபனி வந்துவிடும். வெங்காயத்தில் கதை தலைகீழ். வெப்ப நாட்டு வகைகள் 12 மணிப் பகலுக்கே கிழங்கு கட்டப் பழகியவை, இங்கே தாள் வளருமுன் கட்டிக் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். ஆகவே ‘நீள்பகல்’ வகை என்று போட்ட வெங்காய விதையையே வாங்குங்கள். இந்த விஷயத்தில் ஊர்ப் பாசம் பார்த்தால் பாத்தி வீண்.

3. பழைய விதையைச் சோதியுங்கள்

பத்து விதையை ஈரமான பேப்பர் டவலில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் புதிதாக வாங்குவதே மேல். வெங்காய விதை ஓரிரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. மிளகாய் இரண்டு மூன்று வருடம் போகும், தக்காளி நான்கைந்து.

4. வெளிச்சத்தை அளந்து விதையுங்கள்

யன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். ஜனவரி வெயிலுக்கு நாற்று வெளிறி, மெலிந்து, கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். பேஸ்மண்டில் ஒரு எல்இடி குழல் விளக்கைத் தட்டுக்கு நான்கு அங்குலம் மேலே தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். அந்த விளக்கின் கீழே எத்தனை தட்டு அடங்குமோ அத்தனைதான் உங்கள் கணக்கு. மிளகாயில் ஆறு வகை இருந்தாலும் இடத்துக்கு ஏற்ப இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

விதை முளைக்கும் கலவையை நனைத்துத் தட்டில் நிரப்பி, மிளகாய் விதையைக் கால் அங்குல ஆழத்தில் வையுங்கள். செலரிக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், மேலே மண் போடாமல் அழுத்திவிட்டால் போதும். மிளகாய் 25 முதல் 30 பாகைச் சூட்டில்தான் ஒழுங்காக முளைக்கும், அதனால் அதன் தட்டுக்கு அடியில் சூட்டு விரிப்பு நல்லது.

முளை வளைந்த கழுத்தோடு மண்ணைப் பிளந்து வரும். சிலவற்றில் விதைத்தோல் இலை நுனியைக் கவ்விப் பிடித்திருக்கும். பிய்க்காதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில மணி நேரம் விட்டால் இளகித் தானே கழலும். தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடித்துத் தண்டு அடியில் கருகி, நாற்று ஒரே இரவில் சரிந்துவிடும். சின்ன விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

அப்புறம், ஒவ்வொரு தட்டிலும் வகையின் பெயரையும் தேதியையும் ஒரு குச்சியில் பென்சிலால் எழுதிக் குத்துங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும், இரண்டிலை விட்ட பருவத்தில் எந்த மிளகாய் எது என்று யாராலும் சொல்ல முடியாது.