ஒரே பலகையில் டிஸ்டார்ஷனும் ஓவர்டிரைவும்: கிட்டார் பெடல் கட்டும் முறை

கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கக் காலால் மிதித்து இயக்கும் பெட்டிகளே டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ் பெடல்கள். அப்படித் தனித்தனியே விற்கப்படுபவற்றில் பலவற்றின் உள்ளே இருக்கும் மின்சுற்று ஏறக்குறைய ஒன்றேதான். கிட்டாரிலிருந்து வரும் சிறிய சிக்னலை ஓர் ஆப்-ஆம்ப் ஐசி (பெருக்கிச் சில்லு) பல மடங்கு பெருக்க, அவ்வாறு பெருகிய அலையின் முகடுகளை எதிரெதிர்த் திசையில் வைத்த இரண்டு டையோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) வெட்டுகின்றன. ஐசியைத் தாண்டி, சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் (சுற்றின் பூஜ்ய வோல்ட் முனை) இடையில் டையோடுகள் இருந்தால் முகடு தட்டையாக வெட்டுப்பட்டு டிஸ்டார்ஷன் ஆகிறது. ஐசியின் பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் வழியில், அவற்றை வைத்தால், மூல சிக்னல் மறையாமல் உடன் வருவதால் வெட்டின் முனை மழுங்கி ஓவர்டிரைவ் ஆகிறது. ஆகவே முதல் பெடலைக் கட்டுபவர் டையோடுகளைப் பற்றவைத்துவிடாமல், கழற்றி மாற்றும்படி சாக்கெட்டில் செருகிக்கொள்வதே நல்லது.

இதற்கு ஏற்றது, 1970களில் அமெரிக்காவில் வெளிவந்த எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ், டிஓடி 250 ஆகிய பெடல்களின் சுற்று. இரண்டின் வரைபடமும் பெரிதும் ஒத்தவை. முன்னதில் ஜெர்மானியம் டையோடும் பின்னதில் சிலிக்கான் டையோடும் இருப்பதே காதுக்குத் தெரியும் முக்கிய வேறுபாடு. நடுவில் இருப்பது பழைய 741 ஐசி. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிட்சி தெருவில் ஒரு பிற்பகல் அலைந்தால் ஏறத்தாழ எல்லாப் பொருள்களும் கிடைத்துவிடும்.

சுற்றை வெரோ போர்டில் (செப்புப் பட்டைகள் கொண்ட துளைப் பலகை) பின்வருமாறு அமைக்க வேண்டும். உள்ளே வரும் சிக்னல் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் கடந்து ஐசியின் 3ஆம் காலை அடைகிறது. 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இரண்டு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்தால் அவற்றின் நடுவில் 4.5 வோல்ட் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கும், 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 3ஆம் காலுக்கும் இணைக்க வேண்டும். 6ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் இடையில் 1 மெகா ஓம், அதற்கு இணையாக 22 பிக்கோஃபாரட். 2ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம், 500 கிலோ ஓம் பாட் (குமிழைத் திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்), 0.047 மைக்ரோஃபாரட் என்ற வரிசையில் கிரவுண்டுக்கு இறங்க வேண்டும். வெளியேறும் வழியில், 6ஆம் காலிலிருந்து 1 மைக்ரோஃபாரட், பிறகு 10 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு டையோடுகளும் 0.001 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும். அதே முனையில் 100 கிலோ ஓம் வால்யூம் பாட். 7ஆம் காலுக்கு 9 வோல்ட், 4ஆம் காலுக்குக் கிரவுண்ட். ஐசிக்கும் சாக்கெட் வைப்பது அவசியம். ஒருமுறை தலைகீழாகப் பற்றவைத்த ஐசியின் எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகு நான் இதில் சோம்பல்படுவதில்லை.

500 கிலோ ஓம் பாட் முழுவதும் திருப்பப்பட்டால் பெருக்கம் ஏறத்தாழ 214 மடங்கு. அதன் மறுகோடியில் 3 மடங்கு. பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகள் குறைவாகவே பெருக்கப்படுகின்றன. அதனால்தான் தடித்த கம்பிகளின் ஒலி குழம்பிப்போகாமல் இருக்கிறது. அத்துடன் 741 வேகம் குறைந்த ஐசி என்பதால், அவ்வளவு பெருக்கத்தில் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதனால் ஈடுகொடுக்க முடியாது. பலரும் விரும்பும் அந்த மெத்தென்ற ஒலிக்கு இந்த இயலாமையும் ஒரு காரணம். கூர்மை வேண்டுவோர் டிஎல்071 ஐசியை அதே சாக்கெட்டில் செருகலாம். பாட்டின் தடை, குமிழைத் திருப்பும்போது எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்து லீனியர் (சீராக மாறுவது), லாக் (முதலில் மெதுவாக, பிறகு வேகமாக மாறுவது), ரிவர்ஸ் லாக் (அதற்கு நேர்மாறானது) என்று வகைகள் உண்டு. இங்கே ரிவர்ஸ் லாக் வகையே சரியானது, ஆனால் எளிதில் கிடைப்பதில்லை. லீனியர் வாங்கினால் பெருக்கத்தின் மாற்றமெல்லாம் குமிழ் திரும்பும் கடைசிப் பகுதியில் திடீரென வந்து குவியும். அதைவிட, சாதாரண லாக் பாட்டைத் தலைமாற்றி இணைத்துக் குமிழ் எதிர்த்திசையில் இயங்குவதைப் பழகிக்கொள்வது மேல்.

பெட்டிக்குள் வைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். 2, 6 ஆகிய கால்களில் 4.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 3ஆம் காலில் 4.1 வோல்ட் மட்டும் காட்டினால் பதற வேண்டாம்: 1 மெகா ஓம் வழியாக வரும் மின்னழுத்தத்தை 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மீட்டரே சற்று இழுத்துவிடுகிறது. ஒலி வரவில்லை என்றால், ஒரு கம்பியின் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை இணைத்து, மறுமுனையை ஆம்ப்புக்குக் கொடுத்து, சிக்னல் செல்லும் பாதையை இடம் இடமாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். ஒலி எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் பிழை.

இப்போது டையோடுகளை மாற்றிப் பார்க்கலாம். 1என்4148 சிலிக்கான் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் வெட்டும். ஜெர்மானியம் 0.3 வோல்ட்டிலேயே வெட்டத் தொடங்குவதால் ஒலி மென்மையாகவும் அளவில் குறைவாகவும் வரும். சிவப்பு எல்இடி 1.7 வோல்ட் வரை விட்டுவைப்பதால் ஒலி உரக்கவும் திறந்தும் கேட்கும். பிறகு அதே டையோடுகளைக் கிரவுண்டிலிருந்து எடுத்து 2, 6 ஆகிய கால்களுக்கு இடையில் செருகினால் ஓவர்டிரைவ் கிடைக்கும். விரலின் அழுத்தம் மாறுவது அப்போது தெளிவாகத் தெரியும். ஒரு திசையில் இரண்டு, மறுதிசையில் ஒன்று என்று வைத்தும் கேட்க வேண்டும்; 1977இல் வந்த பாஸ் ஓடி-1 அவ்வாறு சமனற்று வெட்டும் வகையைச் சேர்ந்தது.

பெட்டி வேலையில் ஒன்பது முனை கொண்ட மிதி சுவிட்ச்தான் புதியவர்களைக் குழப்பும். நடு மூன்று முனைகளில் உள்வரும் ஜாக், வெளிச்செல்லும் ஜாக், கிரவுண்ட். ஒரு பக்கத்து மூன்றில் பலகையின் உள்முனை, வெளிமுனை, எல்இடியின் எதிர்முனை. மறுபக்கத்தில் முதல் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து மூன்றாவதை வெறுமனே விட்டுவிடலாம். எல்இடியின் நேர்முனைக்கு 4.7 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட் தர வேண்டும். சால்டரிங் அயர்னை எந்த முனையிலும் மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகி, சுவிட்ச் பிறகு எப்போதாவதுதான் வேலை செய்யும்.

அடாப்டர் சாக்கெட் பிளாஸ்டிக் உடல் கொண்டதாகவே இருக்கட்டும். பெடல் அடாப்டர்களில் பொதுவாக நடுமுனை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ்; முழு உலோக சாக்கெட்டை அலுமினியப் பெட்டியில் முடுக்கினால், கிரவுண்டாக இருக்கும் பெட்டியில் 9 வோல்ட் நேராக இறங்கி ஷார்ட் ஆகும். என் இரண்டாவது பெடல் மூடியைத் திருகி முடித்த கையோடு அடாப்டரைத் தீய்த்தது இப்படித்தான்.