பேஸ்மென்டில் ரேடன்: குளிர்காலத்தில் அளப்பதும் அடைப்பதும்

கனடாவில் நம்மவர்கள் பலர் பேஸ்மென்டில் குடியிருக்கிறோம், அல்லது அதை வாடகைக்கு விடுகிறோம். ரேடன் முதலில் வந்து தேங்குவதும் அங்கேதான். மண்ணில் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க வாயு அது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

குளிர்காலத்தில் ஏன் கூடுகிறது? வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடும்போது சூடான காற்று மேலேறி மாடி வழியாகக் கசிந்துவிடும். போன காற்றுக்கு ஈடாக வீடு கீழேயிருந்து இழுக்கும். கீழே இருப்பது மண். யன்னல்களையும் இறுக்கப் பூட்டி வைத்திருப்போம்.

முதல் வேலை, ரேடனை அளக்கும் நீண்டகால டிடெக்டர் ஒன்று வாங்குவது. ஹொக்கி பக் அளவுதான் இருக்கும், மின்சாரம் தேவையில்லை. ஆய்வுகூடக் கட்டணமும் விலையில் அடக்கமா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது வைக்கும் இடம். இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஒருவர் நாளுக்கு 4 மணி நேரமாவது இருக்கும் மிகக் கீழ்த்தளத்தில், மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள்; படுக்கையறை நல்லது. குளியலறை, சமையலறை, யன்னலோரம், சூடான காற்று வரும் துவாரத்தடி வேண்டாம். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில் குறைந்தது 91 நாள் அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா தூசு தட்டும்போது அதை எடுத்து அலுமாரிக்குள் பத்திரமாக வைத்துவிட்டார். அந்தக் குளிர்காலம் வீண்! "தொடவேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கனடாவின் வழிகாட்டி அளவு கனமீற்றருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). 200 முதல் 600 வரை என்றால் இரண்டு வருடத்துக்குள், 600க்கு மேல் என்றால் ஒரு வருடத்துக்குள் சரிசெய்யச் சொல்கிறது ஹெல்த் கனடா. பக்கத்து வீட்டில் குறைவு என்பதை நம்பி இருக்கவேண்டாம், வீட்டுக்கு வீடு மாறும்.

அளவு கூடியிருந்தால்? தரை வெடிப்புகளையும் குழாய் நுழையும் இடங்களையும் கோல்க் (வெடிப்படைக்கும் பசை) பூசி அடையுங்கள், நிலத்தடி நீர் சேரும் சம்ப் குழிக்குக் காற்றுப்புகா மூடி போடுங்கள். ஆனால் இது மட்டும் பெரும்பாலும் போதாது. தரையில் துளையிட்டு, குழாயும் விசிறியும் பொருத்தி, கொங்கிரீட்டுக்கு அடியில் உள்ள வாயுவை வெளியே இழுத்துவிடுவதே உறுதியான வழி. அதை நீங்களே செய்யப் பார்க்கவேண்டாம். சி-என்ஆர்பிபி (கனடாவின் தேசிய ரேடன் தகைமைத் திட்டம்) சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சில ஆயிரம் டொலர் போகும்.

விசிறியை நிறுத்தவே கூடாது. குழாயில் யு வடிவச் சிறு குழல் ஒன்று மாட்டியிருப்பார்கள். உள்ளே உள்ள நிறத் திரவம் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி நின்றால் விசிறி இழுக்கிறது. இரு பக்கமும் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது, உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் டிடெக்டரை அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.