பேட்டரியை மாற்றுவதற்கு முன்

திங்கள்கிழமை காலையில் கார் சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்ற சத்தம் மட்டும்தான். மூன்று வாரம் தொடர்ந்து இதுவே கதை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மூன்றரை வருடம் ஆகிவிட்டது சார், ஆயுள் அவ்வளவுதான்" என்றார். நம் ஊர் வெயிலுக்கு அது நியாயமான கணக்குதான் என்று தோன்றியது. புதியது வாங்கி மாட்டினேன். ஒன்றரை மாதத்தில் அதுவும் படுத்துவிட்டது. குழாய் ஒழுகுவதைக் கவனிக்காமல் தொட்டியை மாற்றியிருக்கிறேன்.

அளக்காமல் வாங்கியது என் முதல் தவறு. அளப்பதிலும் ஒரு தவறு உண்டு. ஓட்டிவிட்டு வந்த கையோடு மல்டிமீட்டரை வைத்தால் 12.9, 13 என்று காட்டும். அது மேலாக நிற்கும் சார்ஜ், நம்பக்கூடாது. ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்ற கருவி பேட்டரியைச் சார்ஜ் செய்யும்; அப்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் கோளாறு சார்ஜ் ஆவதில் இருக்கிறது. சார்ஜ் சரியாக ஆகிறதென்றால், நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையிலும் வோல்ட் இறங்காமல் நின்றால் பேட்டரி நல்லது, உறிஞ்சுவது கார்தான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் பழைய பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அந்த நொடியில் எகிறும் வோல்ட், இன்றைய கார்களின் கம்ப்யூட்டரைக் கொன்றுவிடக்கூடும். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

நிறுத்திய கார் உறிஞ்சும் இந்தக் கசிவை அளக்க, கழற்றிய நெகட்டிவ் வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரைக் கோக்க வேண்டும். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கட்டும். மீட்டர் கோத்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் மீட்டரின் ஃபியூஸ் ஒரே நொடியில் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றியாக வேண்டும். நான் மாற்ற மறந்து, அப்படியே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தேன். பறந்த தீப்பொறியில் வயர் முனை கருகியது. அந்தத் துளையில் வயர் இருக்கும்வரை மீட்டர் வெறும் கம்பிக்குச் சமம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது அவசரம். மீட்டரைக் கோத்ததும் 2 ஆம்பியர் காட்டினால் அலற வேண்டாம். கார் தூங்க, அதாவது அதன் கம்ப்யூட்டர்கள் அடங்க, நேரம் எடுத்துக்கொள்ளும். சில கார்களுக்கு அரை மணிக்கு மேலும் ஆகும். கதவைத் திறந்தால் மறுபடியும் விழித்துக்கொள்ளும். ஆகவே ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால், முதலிலேயே கதவைத் திறந்துவைத்து, அதன் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளிப் பூட்டிவிடுங்கள். கார் கதவு மூடியதாக நினைத்துக்கொள்ளும். தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் (0.05 ஆம்பியர்) இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

என் கார் 0.43 ஆம்பியரில் நின்றது. ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை எப்படித் தாங்கும்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றை எடுத்ததும் 0.03க்கு இறங்கியது. மூடியிலிருந்த படத்தில் அது உள்விளக்குகளின் ஃபியூஸ். ஆனால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை! ஃபியூஸைத் திரும்பச் செருகி, கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால், மூடி இறங்கிய பிறகும் ஸ்டெப்னியும் ஜாக்கியும் பளிச்சென்று தெரிகின்றன. மூடி அழுத்தும்போது விளக்கை அணைக்க வேண்டிய குமிழ் ஸ்விட்ச்சின் உள்முனைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. 5 வாட் பல்பு ஒன்று ஒரு புதிய பேட்டரியின் விலையைத் தின்றிருக்கிறது.

எல்லோருக்கும் டிக்கி விளக்காக இருக்காது. கார் வாங்கிய பிறகு பொருத்திய ஆடியோ செட்டைச் சந்தேகியுங்கள்: மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் வருவது, சிவப்பு சாவியோடு வருவது. இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கி வேலையை முடித்திருந்தால் செட் தூங்கவே தூங்காது. டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றையும் பாருங்கள்.

எந்தச் சிறிய ஃபியூஸை எடுத்தாலும் அளவு இறங்கவில்லையா? ஆல்டர்னேட்டரின் வயர் பெரும்பாலும் அந்தப் பெட்டி வழியே போவதில்லை. சில மணி நேரம் நின்று எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு அதைத் தொட்டுப் பாருங்கள். அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) கசிகிறது. எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டியது அதைத்தான்.