திருவருகைக் காலத்தில் ஒரு வீட்டுக்குப் போய் உட்காருவது எப்படி

தூத்துக்குடியில் எங்கள் பங்கில் (கோவில் வட்டாரத்தில்), கஷ்டப்படுகிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற வின்சென்ட் தே பவுல் சபையில் 14 வருடமாக இருக்கிறேன். ஆரம்பத்தில் டிசம்பர் வந்தால் எனக்கு ஒரே ஓட்டம். அரிசி, சேலை, கேக் என்று ஒரே சாயங்காலத்தில் 12 வீடு ஏறி இறங்குவேன். ஒரு வீட்டில் கட்டிலில் கிடந்த ஆச்சி பையை ஓரமாக வைத்துவிட்டு, “ஏ பிள்ள, வந்த கால்லயே நிக்கியே, கொஞ்சம் இருந்துட்டுப் போயேன்” என்றார்கள். எனக்கு இன்னும் எட்டு வீடு பாக்கி. போய்விட்டேன். பொங்கலுக்கு முன்பே ஆச்சி இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் நான் போகிற விதத்தையே மாற்றினேன்.

இரண்டு வீடு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் வீடு என்று தெரியாவிட்டால், கோவிலுக்கு வர முடியாமல், மாதத்தின் முதல் வெள்ளிக்கு வீட்டிலேயே நற்கருணை (பூசையில் தருகிற திரு அப்பம்) வாங்குகிறவர்கள் யார் யார் என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்தான் திருவருகைக் காலம்; 2026இல் அது நவம்பர் 29இல் தொடங்குகிறது. நான்கு வாரமும் ஒரே கிழமை, ஒரே நேரம் போக வேண்டும். எனக்கு அது திங்கட்கிழமை நான்கு மணி. ஆண்டவருக்காகக் காத்திருக்கிற காலம் இது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் காத்திருக்க ஒரு நாள் வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மழை பெய்தால் போன் பண்ணியாவது சொல்லிவிடுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கிய எங்கள் சபையில் இதுதான் வழக்கம். ஒருவர் அடுப்படியில் மருமகளோடு பேசிக்கொண்டிருந்தால்தான் இன்னொருவர் கட்டில் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடியும். ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிற அந்த மருமகளுக்கும் பேச ஆள் வேண்டும்.

முக்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் கண்ணுக்கு நேரே உங்கள் முகம் இருக்கிற மாதிரி உட்காருங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். போன் சத்தமில்லாமல் பைக்குள் இருக்கட்டும்.

பேச்சு வராவிட்டால் பதறாதீர்கள். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் பேச்சு தானாக வரும். போன வருடம் ஒரு ஆச்சியின் 53 மணிச் செபமாலை அறுந்து ஒரு டப்பாவில் கிடந்தது. மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பு வாங்கிப்போய் இருவருமாகக் கோத்தோம். ஆச்சியின் விரல் நடுங்கும், மணி நழுவும். நான் பிடுங்கிக் கோக்கவில்லை. விழுந்ததை எடுத்து மறுபடி அவர்கள் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு மணி குறைந்தது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினோம், கிடைக்கவில்லை. அப்போதுதான் ஆச்சி, கடலில் போய்த் திரும்பாத மூத்த மகனைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னார்கள். பாதி மாலை அப்படியே இருந்தது. அடுத்த திங்கள்தான் முடித்தோம்.

இப்படி ஒன்றைக் கேட்கும்போது “எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லிவிடாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள், போதும். சொன்ன கதையையே மறுபடி சொன்னாலும் புதிதாகக் கேளுங்கள். செபிக்கலாமா என்று கேட்டுவிட்டுச் செபியுங்கள். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தவர்கள்கூட ‘அருள்நிறை மரியே’ செபத்தை ஆரம்பித்தால் கூடவே வருவார்கள். அப்புறம், காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிற கைக்குக் கொடுக்கவும் ஆசை இருக்கும்.

இயேசுவின் தாய் மரியா தன் உறவினர் எலிசபெத்தைப் பார்க்கப் போனதை லூக்கா தன் நற்செய்தியில் எழுதும்போது, ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தார் என்கிறார். என்ன கொண்டுபோனார் என்று ஒரு வார்த்தை இல்லை. செபத்துக்கு உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று மாதம்தான் நினைவுக்கு வரும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். குடிலைப் பிரித்து, வாசல் ஸ்டாரைக் கழற்றி, வெளியூர்ப் பிள்ளைகள் ரயிலேறிய பிறகு வருகிற முதல் திங்கள்தான் அந்த வீடுகளில் ரொம்ப வெறிச்சென்று இருக்கும். அன்றைக்குக் கட்டாயம் போங்கள். இந்த ஜனவரியில் நான் போனபோது அந்தச் செபமாலை ஆச்சி முக்காலியைத் தலைமாட்டுப் பக்கம் இழுத்துப் போடச் சொல்லித் தயாராக வைத்திருந்தார்கள்.